ஜெப அறைக்கு வந்த அப்பளக்காரி

கல்யாணமான புதிதில், திருவனந்தபுரத்தில் ஆரியசாலையை ஒட்டிய சந்து ஒன்றில் எங்களுக்கு வீடு கிடைத்தது. வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்த என் வீட்டுக்காரர் கடைசியில் போய் நின்ற இடம் விறகறை. அடுக்களைக்குப் பின்னால், கொல்லைப் பக்கம் தனிக் கதவு வைத்த சின்ன அறை அது. முன்பு குடியிருந்தவர்கள் விறகையும் தென்னை மட்டையையும் கூரை முட்டப் போட்டுவைத்திருந்தார்கள். கதவைத் திறந்ததும் ஒரு பல்லி அவர் தோளில் விழுந்தது. அதைத் தட்டிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்து, "பிள்ளே, இது நம்ம ஜெப அறையாக்கும்" என்றார்.

அவர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலை பார்த்தார். என்ன தேய்த்துக் கழுவினாலும் விரல் நுனியில் மை இருக்கும். தெற்கே, எங்கள் ஊர்ப் பக்கம், ஆளுக்கொரு பாய் விரிக்க இடமில்லாத வீட்டில் வளர்ந்தவர். தனியாக ஜெபிக்க வேண்டுமென்றால் பனங்காட்டுக்குப் போவாராம். அங்கேயும் ஆடு மேய்க்கிறவர்கள் வந்து, என்ன தொலைத்துவிட்டுத் தேடுகிறாய் என்று கேட்பார்களாம். அதனால் கதவுள்ள ஓர் அறை என்பது அவருக்குப் பெரிய ஆசை. அந்த வாரமே விறகையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டு, தானே சுண்ணாம்பு அடித்து, ஒரு பாயும் முக்காலியும் கொண்டுபோய் வைத்தார். முக்காலியின் மேல் வேதப்புத்தகமும் பாட்டுப் புத்தகமும். வேறு ஒன்றும் அங்கே வைக்கக்கூடாது.

திருவனந்தபுரத்து மழை எப்படிப்பட்டதென்று தெரிந்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும். வைகாசி நடுவில் இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் விறகு காயாது. அடுப்பை ஊதி ஊதிக் கண் எரியும். "ஒரு கட்டு விறகு, ஒரே ஒரு கட்டு, அந்த மூலையில வச்சுக்கிடட்டுமா?" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

"கர்த்தருக்குன்னு ஒதுக்கினா ஒதுக்கினதுதான், கேட்டியா. அதுல பாதி விறகுக்குன்னு குடுத்தா, பெறவு முக்காலும் விறகுக்குப் போவும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அந்த அறையில் போய் உட்கார்ந்தால் எனக்கு ஜெபம் வராது. ஒன்று தூக்கம் வரும். இல்லாவிட்டால் அடுக்களையில் பால் பொங்குகிற வாசம் வரும். அவரோ காலையும் மாலையும் உள்ளே போய்விட்டு, குளித்துவிட்டு வருகிறவரைப் போல முகம் தெளிந்து வெளியே வருவார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அந்த நாளில் எங்கள் சந்துக்கு அப்பளம் கொண்டுவருகிற அக்கா ஒருத்தி உண்டு. திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. உளுந்து மண்டியில் மூட்டை தூக்கும் வேலைக்கு வந்த புருஷனோடு இந்த ஊருக்கு வந்தவள். புருஷன் இறந்த பிறகும் ஊர் திரும்பாமல், மண்டியின் பின்புறக் கொட்டகையில் இருந்துகொண்டு அப்பளம் போட்டு விற்றாள். தமிழர் வீட்டு வாசலில் "அப்பளம்" என்று கூவுவாள். அடுத்த மலையாளி வீட்டு வாசலில் அதே கூடையை வைத்துக்கொண்டு "பப்படம்" என்பாள்.

அவள் நாக்கு கொஞ்சம் நீளம். முதல் நாள் என் முகத்தைப் பார்த்ததும், "ஆத்தா நல்லா வெளையாடிட்டுப் போயிருக்கா போலுக்கே" என்றாள். சின்ன வயதில் எனக்குப் பெரியம்மை கண்டிருந்தது. முகம் முழுக்கத் தழும்பு. பெண் பார்க்க வந்தவர்கள் சிலர் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனதுண்டு. இவர் மட்டும், நான் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டு பாடியதைக் கேட்டுவிட்டு, முகத்தைப் பார்க்கும் முன்பே சரி சொன்னவர். அதனால் அந்த அக்கா சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அப்பளத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மறுநாளும் வந்தாள். கொல்லைப் படியில் கூடையை இறக்கிவைத்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, ஊர்க்கதை பேசினாள். நாளாக ஆக அவள் வராத நாள் வெறிச்சென்று இருக்க ஆரம்பித்தது. ஜெப அறையைப் பற்றி அவளுக்குத் தீராத சந்தேகம்.

"உள்ள என்ன சாமி தாயி வச்சிருக்கீக?"

"சாமி படம் ஒண்ணும் இல்லக்கா. ஒரு பாயும் முக்காலியும்தான்."

"ஒண்ணுமில்லாததுக்கா இம்புட்டுப் பெரிய கதவு?"

அந்த வருஷம் மழைக்கு முந்திய வெயிலில் ஊரில் பெரியம்மை பரவியது. வசூரி என்பார்கள் இங்கே. சாலைக் கடைத்தெருவில் கூட்டம் குறைந்தது. இரண்டு மூன்று நாளாக அக்காவின் குரல் கேட்கவில்லை. மனசு கேட்காமல் நானே மண்டிக்குப் போனேன். கடை ஆட்கள் கொட்டகையைத் தூரத்திலிருந்து காட்டிவிட்டு நின்றுகொண்டார்கள். உள்ளே, கிழிந்த சாக்கின் மேல் அவள் கிடந்தாள். கிட்டே போகும்போதே சூடு தெரிந்தது. முகத்திலும் கையிலும் முத்து எழும்பத் தொடங்கியிருந்தது.

மண்டி முதலாளி கெட்டவர் அல்ல. வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டே சொன்னார். "நான் என்ன செய்யட்டும்மா? வீட்ல சின்னப் பிள்ளைய இருக்கு. முனிசிபாலிட்டிக்குச் சொல்லி விட்டிருக்கேன். ஊருக்கு வெளிய வசூரிக்காரங்களுக்குன்னு கொட்டகை இருக்குல்லா, அங்க கொண்டு போவாங்க."

அதைக் கேட்டதும் அக்கா என் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை வாய் பேசுகிறவள்! அப்போது குரலே எழும்பவில்லை. "தாயி, அங்க அனுப்பிராத. அங்க போனவ ஒருத்தியும் திரும்பி வரல."

"நீங்க நம்ம வீட்டுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னதல்ல. சந்து முனைக்குத் திரும்பி வந்த பிறகுதான், வீட்டில் தனிக் கதவுள்ள அறை ஒன்றே ஒன்றுதான் என்பது நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் அவர் வந்ததும் சொன்னேன். சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றபடி கேட்டார்.

"எந்த அறையில?" என்றார். அவருக்கும் பதில் தெரியும்.

நான் கொல்லைப் பக்கம் பார்த்தேன். அவர் ஜெப அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. அங்கே ஒருத்தி சாக்கில் கிடக்கிறாள், இங்கே இவர் முழங்காலில் நிற்கிறாரே என்று பாத்திரங்களைச் சத்தம் கேட்க வைத்தேன். அன்றைக்கு அவர் வழக்கம்போல நெடுநேரம் எடுக்கவில்லை. கதவு திறந்தது. முக்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கக்கத்தில் பாயும் கையில் புத்தகங்களுமாக வெளியே வந்தார்.

"என்னவாம்?" என்றேன். என் கோபம் இன்னும் ஆறவில்லை.

"உள்ள போய் கேக்கத் தொடங்கினேன், பிள்ளே. கேக்கும்போதே வெக்கமாப் போச்சு. வீட்டுல ஒருத்திக்கு இடம் குடுக்கலாமான்னு யாருட்ட கேக்கேன்? சத்திரத்துல இடமில்லன்னு மாட்டுத் தொழுவுல பொறந்தவர்ட்டயா?" முக்காலியை அடுக்களை மூலையில் விறகுக்குப் பக்கத்தில் இறக்கினார். "போ, கட்டிலுக்கு வழியப் பாரு."

அன்று இருட்டுகிற நேரத்தில், மண்டி முதலாளி சொல்லி அனுப்பி, சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். மலையாளி, தமிழும் கலந்து பேசுவார். நோயாளியை வீட்டில் வைப்பதென்றால் அறை தனியாக இருக்க வேண்டும் என்றார். கொல்லைப் பக்கம் போய்ப் பார்த்தார். "வேற வாதில் உண்டல்லோ, அது நல்லது" என்று கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, பார்த்துக்கொள்ளப் போவது யார் என்று கேட்டார். நான் முன்னால் வந்தேன். விளக்கைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தார்.

"நிங்களுக்கு முன்னே வந்து போயதா? அப்போ ஒண்ணும் பயப்படேண்டா. இனி உங்களுக்கு வராது." என் வீட்டுக்காரரிடம் திரும்பி, "சார் குத்தி வச்சிட்டுண்டோ?" என்றார். அவர் சட்டைக் கையை மடக்கி அம்மை குத்திய தழும்பைக் காட்டினார். இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். என் முகத்தைப் பார்த்து ஒரு மனிதர் நிம்மதியடைந்ததை அன்றுதான் கண்டேன்.

கயிற்றுக் கட்டிலில் வைத்து, பின்வாசல் வழியாக அவளைக் கொண்டுவந்தோம். ஒரு பக்கம் இவர் பிடித்தார். மறுபக்கம் மண்டியில் மூட்டை தூக்குகிற ஒருவர், அவருக்கும் அம்மை வந்து போனதுதான்.

அதன் பிறகு என் நாட்களில் காலை, மாலை என்ற வித்தியாசமே இல்லாமல் போயிற்று. துணி பட்டால் அவளுக்கு உடம்பு கிழிந்தது. இளம் வாழையிலையை விரித்துப் படுக்கவைக்க வேண்டும். வாடினால் மாற்ற வேண்டும். வேப்பங்கொத்தால் ஈ விரட்ட வேண்டும். இளநீரும் ஆறின கஞ்சியும் கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். பழந்துணிகளைக் கொல்லையில் அடுப்பு மூட்டி அவிக்க வேண்டும். வீட்டில் தாளிக்கக் கூடாது என்றாள், தாளிக்கவில்லை. கதவு நிலையில் வேப்பிலை செருகச் சொன்னாள், செருகினேன். சின்ன வயதில் எனக்கும் என் அம்மா இதையெல்லாம்தான் செய்திருந்தாள், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவளாக இருந்தும்.

அவர் அடுக்களை மூலையில் விறகுக்கு நடுவே முழங்கால் போட்டு ஜெபித்தார். நடுவில் பலகைச் சுவர்தான். ஒரு காலை, அவர் ஆமென் சொன்னதும், அந்தப் பக்கத்திலிருந்து ஈனக் குரல் வந்தது.

"தாயி, உங்க வீட்டுக்காரர் எனக்காகவா சொன்னாக?"

"ஆமாக்கா."

"வியாதியா இருக்கிற சகோதரின்னாகளே, எந்தச் சகோதரி? ஊருல எத்தன பேருக்கு அம்ம கண்டிருக்கு? அப்பளம் விக்கிறவன்னு அடையாளம் சொல்லச் சொல்லு. ஆள் மாறிப் போயிரப்போவுது."

அவர் என்னைப் பார்த்தார். சிரிக்கக்கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பவும் முழங்காலிட்டு, "கர்த்தாவே, ஆரியசாலையில் அப்பளம் விற்கிற எங்கள் அக்காவை நினைத்தருளும்" என்று சத்தமாகச் சொன்னார். சுவருக்கு அப்பால், "ம், இப்ப சரி" என்று கேட்டது.

செய்தி சபைக்கும் போயிற்று. ஒரு நாள் மத்தியானம் சபை மூப்பர் வந்தார். கண்டிப்பானவர். கொல்லைப் படலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு குரல் கொடுத்தார். நிலையில் இருந்த வேப்பிலை அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"இது என்ன? வேதக்காரங்க வீட்டு நடையில வேப்பில கட்டியிருக்கு?"

அன்று வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்த இவர் படலருகே போனார். வாக்குவாதம் செய்வார் என்று நினைத்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "நோய்க்காரி கேட்டாவ, கட்டினோம், ஐயா. அவியளுக்கு அதுல ஒரு தைரியம். எங்களுக்கு இப்ப வேப்பிலையில்ல பாடு, வாழையிலதான். சந்துல உள்ள வாழையெல்லாம் மொட்டையாப் போச்சு. விரிக்க எல இல்ல. உடம்பெல்லாம் ஒட்டிப் பிடிக்குது."

உள்ளேயிருந்து அக்கா முனகுகிற சத்தம் கேட்டது. மூப்பர் திரும்பி நடந்தார். போதகரிடம் சொல்லப் போகிறார் என்று நான் பயந்தேன். மறுநாள் விடியும்போது படலுக்கு வெளியே ஒரு கட்டு இளங்குருத்து வாழையிலை, நனைந்த சாக்கில் சுற்றி வைத்திருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. ஒரு காலை மழைத் தூறலில், மூப்பரே தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கட்டை வைத்துவிட்டு வேகமாகத் திரும்பிப் போவதைப் பார்த்தேன். நான் கூப்பிடவில்லை. அவருக்குப் பிடிக்காது என்று தோன்றியது.

முத்து பால் கட்டிச் சீழ் வைத்த சமயம் அவளுக்கு உடம்பு மிகவும் மோசமாயிற்று. ஒரு பிற்பகல், வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, என் கையைத் தேடிப் பிடித்தாள். கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன.

"தாயி, நான் போறேன்னு நெனைக்கேன். நீ உங்க சாமி பேரச் சொல்லு. நான் எங்க ஆத்தா பேரச் சொல்லுதேன். யாருக்குக் காது கேக்கோ வரட்டும்."

அவள் உதடு அசைந்தது. நானும் வேப்பங்கொத்தை வீசிக்கொண்டே ஆரம்பித்தேன். புத்தகத்தில் உள்ள வார்த்தை ஒன்றும் வரவில்லை. இவளுக்கு ஒருவரும் இல்லை, எனக்கு இவள் வேண்டும் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ. அடுக்களையில் கஞ்சி தீய்ந்த வாசம் வந்தும் எழுந்திருக்கத் தோன்றவில்லை. அந்த அறையில் எனக்குத் தூக்கம் வராமல் ஜெபம் வந்தது அன்றுதான்.

சாயங்காலம் அவள் வியர்த்தாள். அடுத்த சில நாட்களில் முத்து இறங்க ஆரம்பித்தது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துத் தண்ணீர் ஊற்றினேன். பிழைத்துவிட்டாள். ஆனால் இடக்கண் போய்விட்டது.

எழுந்து உட்கார்ந்ததும் கண்ணாடி கேட்டாள். நான் தயங்கினேன். "கொண்டா தாயி, நான் என்ன பொண்ணு பாக்கவா ஒக்காந்திருக்கேன்?" என்று அதட்டினாள். ஒற்றைக் கண்ணால் வெகு நேரம் பார்த்தாள். கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு என் கன்னத்தைத் தொட்டுத் தடவினாள். "அன்னைக்கு ஒன்னைய அப்படிச் சொன்னேனே. வலிச்சிருக்கும்லா?" என்றாள். எனக்கு அழுகை வந்தது. அவளும் அழுதாள். பிறகு, கண்ணில் தண்ணீர் பட்டால் எரிகிறது, என்னை எதற்கு அழவைக்கிறாய் என்று என்னையே திட்டினாள்.

அவள் மண்டிக் கொட்டகைக்குத் திரும்பிப் போன பிறகு, அறையில் கந்தகப் புகை போட்டு, இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தோம். முக்காலியை உள்ளே கொண்டுபோகட்டுமா என்று கேட்டேன்.

"இஞ்சயே இருக்கட்டும்" என்றார். "நீ அடுப்புல இருக்கும்போது நான் ஜெபிச்சா, நீயும் கூட ஆமென் சொல்லுதல்லா. அது எனக்கு நல்லாருக்கு."

ஆனாலும் அந்த அறையில் விறகு வைக்க அவர் விடவில்லை. அது நெடுநாள் காலியாகவும் இருக்கவில்லை. தெற்கேயிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் காட்ட வருகிறவர்கள், தம்பானூரில் ரயிலைத் தவறவிட்டவர்கள், வேலை தேடி வந்த தூரத்து உறவு என்று யாராவது இருந்துகொண்டே இருந்தார்கள். எல்லோரும் நல்லவர்கள் என்று சொல்லமாட்டேன். போகும்போது எங்கள் செம்பையும் எடுத்துக்கொண்டு போனவர் ஒருவர் உண்டு. இவர் அதற்கு, "செம்புதானே, பாட்டுப் புத்தகம் இருக்குல்லா" என்றார்.

அக்கா கிறிஸ்தவளாகிவிட்டாளா என்று சபையில் சிலர் கேட்டார்கள். ஆகவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஆனால் அந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு அவள் கோயிலுக்கு வந்தாள். எங்கள் சபையில் அன்று ஆளாளுக்கு வாழைக்குலை, தேங்காய், கோழி, மரச்சீனிக் கிழங்கு என்று படைத்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவே அழகாக அடுக்கிய ஒரு கூடை அப்பளம் இருந்தது. அவள்தான் விடியற்காலையில் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். உள்ளே வராமல் வாசல் தூணோடு ஒட்டி நின்றாள்.

அப்பளக் கூடைக்கு ஏலம் வந்தது. யாரோ விளையாட்டாகக் குறைந்த விலை சொன்னார்கள். அடுத்தவர் அதற்கு மேல் ஒரு சல்லி ஏற்றினார். வாசலில் நின்றவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏ ஐயா! இதென்ன உங்க சாமிக்குக் குடுத்ததா, குப்பையில போட்டதா?" என்று கேட்டபடி செருப்பில்லாத காலோடு நேராக நடுவழியில் நடந்து வந்தாள். கூடையிலிருந்து ஓர் அப்பளத்தை எடுத்துச் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். "இங்க பாருங்க, வெளிச்சம் தெரியுதா? ஒரு இடத்துல கனம் இருக்கா? இப்ப சொல்லுங்க வெலய!"

கோயிலே சிரித்தது. போதகர் அங்கியால் முகத்தை மறைத்துக்கொண்டார். கடைசியில் மூப்பர்தான் யாரும் எட்ட முடியாத விலை கேட்டு அந்தக் கூடையை எடுத்தார்.

நாங்கள் மூவருமாக வீட்டுக்கு நடந்து வந்தோம். வழியில் அவள் இவரிடம், "எல்லாத்தையும் ஏலம் போட்டுட்டீக. அந்தப் பணம் யாருக்கு?" என்று கேட்டாள்.

"ஏழைகளுக்கு, அக்கா. கொஞ்சம் கோயில் செலவுக்கு."

"அப்ப எனக்கும் உண்டுல்லா?" என்றாள், முகத்தில் சிரிப்பில்லாமல்.

இவர் நடுவழியில் நின்று யோசித்தார். அவரும் ஏலத்தில் ஒரு பூசணிக்காய் எடுத்திருந்தார். அதை அப்படியே தூக்கி அவளிடம் கொடுத்தார். அவள் இரண்டு கையாலும் வாங்கி, தட்டிப் பார்த்து, விளைந்த காய்தான் என்று சொல்லி, இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் மத்தியானம் ஒரு தூக்குச்சட்டி நிறைய பூசணிக்காய்க் குழம்போடு கொல்லை வழியாக வந்தாள். அடுக்களையில் மூன்று பேருக்கும் இலை போட்டேன். விறகை ஒரு பக்கமாகத் தள்ளினால்தான் மூன்றாவது ஆள் உட்கார முடிந்தது.